எந்தக் கடை வர வேண்டும்?

(திருப்பூரில் பனியன் தொழிலாளர் மத்தியில் ஆற்றிய உரை)



தொழிலாளர் கூட்டம் என்றால் கூலி, பஞ்சப்படி, போனஸ் பற்றிய பேச்சு இருக்கும் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். நான் இன்று சாப்பாட்டுக் கடையைப் பற்றிப் பேசப்போகிறேன். இது விளையாட்டு விஷயமல்ல. இதற்குள்ளேயும் கூலி இருக்கிறது. வேலை நேரம் இருக்கிறது. மனிதனுக்கு மனிதன் தர வேண்டிய மரியாதையும் இருக்கிறது.

நமது இளம் தொழிலாளர்கள் கூடும் இடங்களில் ஒரு பேச்சு அடிபடுகிறது. "நம்ம ஊருக்கு இன்னும் எந்த வெளிநாட்டுக் கடை வரணும்?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறார்கள். கோழி வறுத்து விற்கும் அமெரிக்கக் கம்பெனிகள், பர்கர் கம்பெனிகள், பீட்ஸா கம்பெனிகள் என்று வரிசையாகப் பெயர் சொல்கிறார்கள். இந்தியாவில் இன்னும் கால் வைக்காத கம்பெனிகளின் பெயர்கூட அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. இதைக் கேட்கும் பெரியவர்களுக்குக் கோபம் வருகிறது. "இட்லிக்கும் கம்மங்கூழுக்கும் என்ன குறைச்சல்? சம்பாதிப்பதையெல்லாம் வெள்ளைக்காரனிடம் கொண்டுபோய்க் கொட்ட வேண்டுமா?" என்கிறார்கள்.

ஒரு தரப்பு ஆசைப்படுகிறது. மறு தரப்பு திட்டுகிறது. அந்த ஆசை எங்கிருந்து பிறந்தது என்று யாரும் கேட்பதில்லை. நாம் கேட்க வேண்டும்.

ஆசைக்குக் காரணம் என்ன?

பவர் டேபிளில் உட்கார்ந்து காலை முதல் இரவு வரை தைக்கும் ஒரு தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். பீஸ் ரேட் வேலை. எழுந்து நின்றால் கூலி நிற்கும். மதியம் டிபன் பாக்ஸைத் திறந்து, துணிக் கட்டுக்கும் மெஷினுக்கும் நடுவே உட்கார்ந்து, பஞ்சுத் தூசி பறக்கும் காற்றில் ஐந்து நிமிடத்தில் விழுங்கிவிட்டு மறுபடியும் பெடலில் கால் வைக்கிறார். கப்பலுக்குச் சரக்குப் போக வேண்டிய அவசரம் என்றால் இரவும் வேலை நீளும். அப்போது பேக்கரி வாசலில் நின்றபடியே ஒரு டீயும் பப்ஸும். இல்லையென்றால் தள்ளுவண்டியில் ஒரு தட்டு காளான்.

இப்படி ஆறு நாள் உழைத்துவிட்டு, ஏழாவது நாள் அவர் விரும்புவது என்ன? துடைத்து வைத்த மேஜை, குளிர்ந்த காற்று, சுத்தமான கழிப்பிடம், எல்லோரும் பார்க்கும்படி எழுதி வைத்த விலை. "சாப்பிட்டாச்சுன்னா எந்திரிங்க, அடுத்த ஆள் நிக்கிறாங்க" என்று சொல்ல ஆளில்லாத ஓர் இடம். ஒரிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்துள்ள வாலிபர் தமிழ் தெரியாமலேயே படத்தைத் தொட்டுக் காட்டி வாங்கிச் சாப்பிடலாம். விடுதியில் தங்கி வேலை செய்யும் பெண்கள் நாலு பேர் சேர்ந்து போய், ஒரு மணி நேரம் யாருடைய முறைப்புக்கும் பயப்படாமல் பேசிக்கொண்டிருக்கலாம். டீக்கடையில் இரட்டைக் குவளை வைத்திருந்த நாடு இது. "நீ எந்த ஊர், எந்தத் தெரு?" என்று கேட்காமல் ஒரே தட்டில் வைத்துத் தரும் இடத்தை ஒருவர் நாடினால் அதை நாம் ஏளனம் செய்ய முடியுமா?

ஆகவே, அந்த ஆசை வெறும் கோழிக்கறி மீது கொண்ட ஆசையல்ல. ஓய்வின் மீதும் மரியாதையின் மீதும் கொண்ட ஆசை அது. அந்த ஆசை நியாயமானது. ஆனால் அதைக் கம்பெனிக்காரன் தெரிந்து வைத்துக்கொண்டு விலை போட்டு விற்கிறான்.

கண்ணாடி உடைந்தது, ஆசை உடையவில்லை

1991-ல் சர்க்கார் பொருளாதாரக் கதவுகளை அகலத் திறந்தபின் இந்தக் கம்பெனிகள் வரத் தொடங்கின. 1995 ஜூன் மாதத்தில் பெங்களூரில் கே.எப்.சி. கடை திறக்கப்பட்டது. நஞ்சுண்டசாமி தலைமையிலான கர்நாடக விவசாயிகள் சங்கம் அதைக் கடுமையாக எதிர்த்தது. 1996 ஜனவரி 30 அன்று கடையே தாக்கப்பட்டது. ஆனால் அதே 1996-ல் டொமினோஸ் வந்தது. அக்டோபரில் டெல்லியில் மெக்டொனால்ட்ஸ் திறந்தது. இன்று நம்மைப் போன்ற தொழில் நகரங்கள் வரைக்கும் இந்தக் கடைகள் வந்துவிட்டன.

விவசாயிகள் எழுப்பிய கேள்விகளில் நியாயம் இருந்தது. ஆனால் கண்ணாடியை உடைத்ததால் கடை போகவில்லை. கடை தருவதாகச் சொன்ன வசதியை நம் மக்களுக்கு வேறு யாரும் தரவும் இல்லை. இந்தப் பாடத்தை நாம் மறந்துவிடக் கூடாது.

லேபிள் தைப்பவருக்குத் தெரியாதா?

இனி, இந்தக் கடை யாருடையது என்று பார்ப்போம். டொமினோஸ் கடைகளை இந்தியாவில் நடத்துவது ஜூபிலண்ட் புட்வொர்க்ஸ் என்ற இந்தியக் கம்பெனி. கே.எப்.சி., பீட்ஸா ஹட் கடைகளை நடத்த வந்தவையும் தேவயானி இண்டர்நேஷனல், சபையர் புட்ஸ் என்ற இந்தியக் கம்பெனிகளே. முதல் போடுவது இங்கே. கடை வாடகைக்குப் பிடிப்பது இங்கே. ஆள் வைப்பதும் இங்கே. பெயரைப் பயன்படுத்துவதற்காக விற்பனையில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குப் போகிறது. "வெள்ளைக்காரன் கடை" என்று சொல்லிவிட்டு நம்மூர் முதலாளியின் பங்கை மறந்துவிடுவது பிசகு. இருவரும் கூட்டாளிகள்.

பெயருக்கு எப்படி விலை வருகிறது என்று திருப்பூர் தொழிலாளிக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. அந்நியக் கம்பெனியின் லேபிளை டி-ஷர்ட்டின் கழுத்தில் வைத்துத் தைப்பது நமது கைதான். ஏற்றுமதியில் மிஞ்சிய அதே சரக்கு காதர்பேட்டைக்கு வந்தால் என்ன விலைக்குப் போகிறது? அதே நூல், அதே தையல், அதே கை. லேபிள் இருந்தால் ஒரு விலை, லேபிளை வெட்டினால் ஒரு விலை. நடுவில் உள்ள வித்தியாசம் யாருடைய உழைப்பு?

கோழிக் கதையும் இதே கதைதான். கறிக்கோழிக்குப் பெயர் பெற்ற பல்லடம் நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. கம்பெனி குஞ்சும் தீவனமும் மருந்தும் தருகிறது. கொட்டகை விவசாயியுடையது, மின்சாரம், தண்ணீர், இரவெல்லாம் கண் விழிப்பது விவசாயியுடையது. வளர்ந்த கோழியைக் கம்பெனி எடுத்துக்கொண்டு கிலோக் கணக்கில் வளர்ப்புக் கூலி தருகிறது. தன் தோட்டத்திலேயே விவசாயி கூலிக்காரராகிவிடுகிறார். பனியனுக்கு ஜாப் ஒர்க் போல, கோழிக்கும் ஜாப் ஒர்க்!

மாஸ்கோவில் 1990 ஜனவரி 31 அன்று புஷ்கின் சதுக்கத்தில் மெக்டொனால்ட்ஸ் திறந்தபோது முதல் நாளிலேயே 30,000 பேருக்கு மேல் வரிசையில் நின்று சாப்பிட்டார்கள். சோவியத் நாட்டு மக்களே இப்படி நிற்கிறார்களே என்று உலகப் பத்திரிகைகள் எழுதின. அந்த மக்களைக் குறை கூறிப் பயனில்லை. கடையில் தட்டுப்பாடும் கவுண்டரில் சிடுசிடுப்பும் இருக்குமானால் மக்கள் வேறு வாசலைத் தேடத்தான் செய்வார்கள். இதை நம்மைப் போன்றவர்கள் முதலில் உணர வேண்டும். பிறகு 2022-ல், உக்ரைன் யுத்தத்தையொட்டி அந்தக் கம்பெனி ரஷ்யாவை விட்டு வெளியேறியது. ஜூன் மாதத்திலேயே அதே கடைகள் வேறு பெயரில் திறந்தன. பலகை மாறியது. அடுப்பும் மாறவில்லை, அடுப்படியில் நின்ற தொழிலாளியும் மாறவில்லை. பெயரில்லாமல் சமையல் நடக்கும்; தொழிலாளி இல்லாமல் நடக்காது.

கவுண்டருக்கு அந்தப் பக்கம்

கடைக்குள் போகும்போது கவுண்டருக்கு அந்தப் பக்கத்தையும் பார்க்க வேண்டும். தொப்பி அணிந்து, எண்ணெய்ச் சூட்டில் நிற்கும் அந்தப் பிள்ளைகள் யார்? நம் வீட்டுப் பிள்ளைகள். வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு செல்போனைப் பார்த்துக் காத்திருக்கும் டெலிவரி வாலிபர் யார்? நேற்று வரை பனியன் கம்பெனியில் செக்கிங்கிலோ பேக்கிங்கிலோ இருந்தவராகவும் இருக்கலாம்.

இந்தக் கம்பெனிகள் பிறந்த அமெரிக்காவிலேயே அவற்றின் தொழிலாளர்கள் வயிறு நிறையக் கூலி கேட்டு வீதிக்கு வந்தார்கள். 2012 நவம்பர் 29 அன்று நியூயார்க் நகரில் துரித உணவுக் கடைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மணிக்கு 15 டாலர் கூலி, சங்கம் வைக்கும் உரிமை ஆகிய இரண்டும் அவர்கள் கோரிக்கை. அந்த இயக்கம் நாடெங்கும் பரவியது. 2024 ஏப்ரல் 1 முதல் கலிபோர்னியா மாநிலத்தில் பெரிய துரித உணவுக் கம்பெனிகளின் தொழிலாளர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 20 டாலர் என்று சட்டமாயிற்று. அமெரிக்காவின் ருசியை இறக்குமதி செய்கிறவர்கள் அந்தப் போராட்டத்தையும் இறக்குமதி செய்ய வேண்டாமா?

இன்னொன்று. இலங்கையில் 1998 முதல் நடந்துவந்த மெக்டொனால்ட்ஸ் கடைகள் பன்னிரண்டும் 2024 மார்ச்சில் மூடப்பட்டன. தாய்க் கம்பெனிக்கும் உள்ளூர் கம்பெனிக்கும் ஒப்பந்தம் முறிந்தது, கதவு சாத்தியது. திருப்பூருக்கு இது புதிதா? 2025 ஆகஸ்டில் அமெரிக்க சர்க்கார் இந்தியச் சரக்குகள் மீது 50 சதவீத வரி போட்டபோது, கடல் கடந்து போட்ட ஒரு கையெழுத்து இங்கே எத்தனை மெஷின்களின் ஓட்டத்தைத் தடுமாற வைத்தது என்பதை நீங்கள் அறிவீர்கள். பிழைப்பின் சாவி வேறொருவர் மடியில் இருந்தால் இதுதான் நிலை.

நமக்கும் ஒரு கதை உண்டு

ஒரே பெயரில் ஊர் ஊராகக் கடை நடத்துவதும், எல்லாச் சாதியாரும் சமமாக உட்கார்வதும் அமெரிக்கக் கம்பெனியால்தான் முடியும் என்று நினைக்க வேண்டாம். 1950-களில் காபி போர்டு தனது காபி ஹவுஸ்களை மூட முடிவு செய்து தொழிலாளர்களை வீட்டுக்கு அனுப்பியது. அப்போது ஏ.கே. கோபாலன் தந்த வழிகாட்டுதலில் தொழிலாளர்கள் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்து, 1957-லிருந்து தாங்களே கடையை நடத்தினார்கள். இந்தியன் காபி ஹவுஸ் அப்படிப் பிறந்தது. 1958-ல் திருச்சூரில் திறந்தது. பிறகு கேரளமெங்கும் பரவியது. தலைப்பாகை கட்டிய அந்தப் பரிமாறுபவர் கூலிக்காரர் மட்டுமல்ல, கடையின் பங்குதாரரும்கூட. நம் தமிழ்நாட்டில் 2013-ல் தொடங்கிய அம்மா உணவகம் அதே ஆண்டில் திருப்பூருக்கும் வந்தது. ஒரு ரூபாய்க்கு இட்லி கிடைத்தபோது உழைக்கும் மக்கள் அதை எப்படி வரவேற்றார்கள் என்பதையும் பார்த்தோம். மனமிருந்தால் மார்க்கமுண்டு.

நம் ஊர் ஓட்டல்களும் யோசிக்க வேண்டும். சப்ளையருக்கு வேலை நேரமில்லை, விடுமுறையில்லை, கை கழுவும் இடத்தில் சுத்தமில்லை என்றால் "உள்ளூர்க் கடையை ஆதரியுங்கள்" என்ற கோஷம் மட்டும் எடுபடாது.

நாம் கேட்க வேண்டியது

250 பேருக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் காண்டீன், 150 பேருக்கு மேல் என்றால் உட்கார்ந்து சாப்பிடத் தனி அறை என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் வகை செய்தது. அத்தனை ஆண்டுகளில் எத்தனை பனியன் கம்பெனிகளில் முறையான காண்டீனைக் கண்டீர்கள்? 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு, காண்ட்ராக்ட் தொழிலாளர்களையும் சேர்த்து 100 பேர் இருந்தாலே காண்டீன் என்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மின்சாரத்தில் ஓடும் இடம் "தொழிற்சாலை" ஆவதற்கு முன்பு 10 பேர் போதும். இப்போது 20 பேர் வேண்டும் என்று அதே சட்டம் மாற்றிவிட்டது. திருப்பூரின் சின்னச் சின்ன பவர் டேபிள் யூனிட்டுகளில் பாதுகாப்பு எங்கே நிற்கும்? ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறிப்பதல்லவா இது?

ஆகவே நமது கோரிக்கைகள் தெளிவாக இருக்கட்டும். 100 பேர் உள்ள கம்பெனியில் காண்டீன் வேண்டும். சிறிய யூனிட்டுகள் நெருங்கியிருக்கும் தெருக்களில் முதலாளிகளும் மாநகராட்சியும் சேர்ந்து பொது உணவுக்கூடம் அமைக்க வேண்டும். அரை மணி நேர மதிய இடைவேளை முழுமையாக வேண்டும். பீஸ் ரேட் தொழிலாளிக்கும் அது கூலி இழக்காத இடைவேளையாக வேண்டும். இரவு வேலைக்கு இரட்டிப்புக் கூலியோடு சூடான சாப்பாடும் வேண்டும். வெளிமாநிலத் தோழர்கள் உண்ணும் உணவும் அந்தக் காண்டீனில் இருக்க வேண்டும்.

1984-ல் இதே திருப்பூரில் பனியன் தொழிலாளர்கள் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பஞ்சப்படி என்றால் என்ன? அரிசி விலை ஏறினால் தொழிலாளியின் தட்டில் சோறு குறையக் கூடாது என்பதுதானே! அவர்கள் தட்டுக்காகப் போராடினார்கள். நாம் அந்தத் தட்டை வைத்துச் சாப்பிட ஒரு மேஜையும் அரை மணி நேரமும் கேட்கிறோம்.

இளைஞர்களே! ஞாயிற்றுக்கிழமை எந்தக் கடைக்கு வேண்டுமானாலும் போங்கள், நன்றாகச் சாப்பிடுங்கள். அங்கே துடைத்த மேஜையைப் பார்க்கும்போது, திங்கட்கிழமை முதல் சனிக்கிழமை வரை நமக்கு அது ஏன் இல்லை என்று யோசியுங்கள். நாளைக் காலை உங்கள் கம்பெனியில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்று கணக்கெடுத்துச் சங்கத்தில் கொடுங்கள். நமது முதல் வேலை அங்கிருந்து தொடங்குகிறது.