வாழிடம் பார்த்து மீன்வளம் அறிதல்: கருத்தரங்கத் தலைமை உரை



ஒரு கழிமுகத்தில் என்னென்ன மீன்கள் உண்டு என்பதை வலை போட்டே கண்டறிய ஆண்டுக்கணக்கில் ஆகும். நம் வெள்ளாற்றையே பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை வெள்ளத்தில் உப்பு அநேகமாக அற்றுப்போகிறது. கோடையில் கடலளவுக்கு ஏறிவிடுகிறது. மீன்களும் அதற்கேற்ப வந்து போகின்றன. நாம் எண்ணி முடிக்கும்வரை மணல் அள்ளுவோர் காத்திருக்க மாட்டார்கள்.

அதனால்தான் வாழிட வரைபடம் வேண்டும் என்கிறோம். அலையாத்தி வேர்ப்பகுதியில் கொடுவாக் குஞ்சு, சேற்றுத் திட்டில் உளுவையும் மடவையும், கடற்புல்லில் ஓரா, மணல் தரையில் கிழங்கான் என்று இடத்தைக் கொண்டே மீனை ஓரளவு சொல்லிவிடலாம். ஆஸ்திரேலியாவின் ஜெர்விஸ் விரிகுடாவை ஆராய்ந்து வார்டு குழுவினர் 1999இல் வெளியிட்ட கட்டுரை, காப்பிடங்களை முதற்கட்டமாகத் தெரிவுசெய்ய வாழிட வகைகளே செலவு குறைந்த, பயனுள்ள வழி என்று காட்டியது. முதற்கட்டமாக என்பதை அழுத்திச் சொல்கிறேன்.

ஏனென்றால், வரைபடத்தில் ஒரே பச்சையாகத் தெரியும் இரண்டு அலையாத்தித் திட்டுகள் மீனுக்கு ஒன்றல்ல. பிச்சாவரத்தில் முன்பு காட்டைப் பகுதி பகுதியாக வெட்டினார்கள். வெயில் பட்ட மண் தாழ்ந்து பள்ளமானது, ஏறிய ஓதநீர் வடியாமல் தேங்கி உப்பு மிகுந்தது, மரம் முளைக்கவில்லை. பின்னர் வனத்துறையும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி ஓதம் வந்துபோக வழிசெய்ததும் காடு திரும்பியது. மரத்துக்கே நீரோட்டம் இவ்வளவு முக்கியமென்றால் மீனுக்குச் சொல்லவா வேண்டும்? முகத்துவாரம் எவ்வளவு தூரம், அது திறந்திருக்கிறதா, வாய்க்காலில் ஓதம் ஏறுகிறதா என்பவை வரைபடத்தில் இல்லையென்றால் நம் கணிப்பு பொய்த்துப்போகும்.

வலையும் நம்மை ஏமாற்றும். செவுள்வலையை வேர்களுக்கிடையே விரிக்க முடியாது. அங்கே மீன் குறைவு என்று எழுதுகிறோம். உண்மையில் வலை போகாத இடம் அது. கிள்ளைப் பகுதி இருளர் மக்கள் இடுப்பளவு நீரில் இறங்கி, வேரடியிலும் சேற்றிலும் கையால் தடவியே இறாலும் மீனும் பிடித்துப் பறியில் போடுகிறார்கள். எந்த ஓடையில் எந்த மாதம் எது கிடைக்கும் என்று அவர்கள் சொல்வதை நம் அட்டவணைகளில் சேர்க்காதது பெரிய குறை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பிச்சாவரம் 2022இல் ராம்சார் தளமானது, மகிழ்ச்சி. ஆனால் காடு கண்ணுக்கு அழகு என்பதால் காட்டை மட்டும் காத்துவிட்டு, சேற்றுத் திட்டைப் பொட்டல் என்று ஒதுக்கும் பழக்கம் நம் திட்டங்களில் இன்னும் போகவில்லை. ஓதம் ஏறும்போது அந்தச் சேற்றில்தான் மடவை மேய்கிறது.

ஆகவே கட்டுரை வாசிக்கவிருக்கும் ஒவ்வொருவரிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வரைபடத்தை முன்வைக்கும்போது, அது எந்தப் பருவத்தில் எடுத்தது, எந்த வலையால் சரிபார்த்தது, அந்த ஓடையில் தொழில் செய்வோரிடம் காட்டினீர்களா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.