புரட்டிப் படுக்கவைக்கும் கை

அண்ணாமலையாரைச் சுற்றும் கிரிவலம் 14 கிலோமீட்டர். நடந்துவிட்டால் மறுநாள் ஓய்வெடுக்கலாம். படுத்த படுக்கையான மகனை இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்கவைக்கும் தாய்க்கு அந்த ஓய்வு கிடையாது. விட்டால் முதுகில் புண் வந்துவிடும். ராத்திரியும் அப்படித்தான். அவர் கூலி வேலைக்கு எப்படிப் போவார்?

இதற்கென்றே பராமரிப்பாளர் படியைச் சொல்கிறது, 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 24-ஆவது பிரிவு. தமிழகத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான மாதப் பராமரிப்பு உதவித்தொகை 1,500-லிருந்து 2,000 ரூபாயானது. ஆந்திராவில் 2024-இல் மாற்றுத்திறனாளி ஓய்வூதியமே 6,000 ஆகிவிட்டது. 'பாதுகாப்போர்' என்ற சொல்லைத் தன் பெயரிலேயே வைத்திருக்கும் மாற்றுத்திறனாளிகள் சங்கம் இங்கும் தொகையை உயர்த்தச் சொல்லிப் போராடுகிறது. நியாயமான கோரிக்கை.

ரோடு, குடிநீர் என்று எம்.எல்.ஏ.விடம் மனு கொடுக்கிறோமே, இதையும் எழுதிக் கொடுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்திலும் கொடுக்கலாம். ரசீது வாங்க மறக்காதீர்கள்.