அந்தியோகியாவில் ஒரு பந்தி

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



வேத போதனையால் விசுவாசத்திலும் நற்குணத்திலும் வளர்தல் என்னும் பொருள் பற்றிச் சிறிது பேசுமாறு நம் சங்கத்தார் எனக்குப் பணித்தனர். பொருள் பெரிது, பேச வந்தவன் சிறியன். இதே பொருளை நம் போதகர்மார் ஞாயிறுதோறும் விரித்துரைத்து வருதலின், அவர்கள் உரைத்தவற்றையே யான் மீண்டும் உரைப்பேனாயின் உங்கள் மாலைப்பொழுதை வீணாக்கினவன் ஆவேன். ஆதலின், ஒரே மனிதருடைய வாழ்வில் இரண்டு நிகழ்ச்சிகளை மாத்திரம் எடுத்துக்கொள்ளுகின்றேன். அம்மனிதர் பேதுரு. ஒரு நிகழ்ச்சி யோப்பாவில் நடந்தது. மற்றொன்று அந்தியோகியாவில் நடந்தது.

பிள்ளைகளைக் கதவுநிலையோரம் நிறுத்தித் தலைமட்டத்தில் கரிக்கோடு கிழித்து, சென்ற கிறிஸ்துமஸுக்கு இத்துணை, இவ்வாண்டு இத்துணை என்று நாம் அளந்து மகிழ்கின்றோம். விசுவாசத்தின் வளர்ச்சியை எக்கோலால் அளப்பது? ஒப்புவிக்கும் வசனங்களின் தொகையால் அளக்கலாமென்றால் பள்ளியாசிரியனாகிய எனக்கு அது மிகவும் எளிது. ஆயினும் பேதுருவின் சரித்திரம் வேறோர் அளவுகோலை நம் கையில் தருகின்றது.

முதலில் யோப்பாவுக்குச் செல்வோம். அது மத்தியதரைக் கடற்கரைப் பட்டினம். இன்று யாப்பா என்னும் பெயரோடு தெல் அவீவ் நகரத்துடன் ஒன்றுபட்டு விளங்குகின்றது. அங்கே பேதுரு தங்கியிருந்த வீடு யாருடையது? தோல் பதனிடும் சீமோன் என்பவனுடையது. இதனை நாம் பெரும்பாலும் கவனியாமலே வாசித்துச் செல்கின்றோம். தோல் பதனிடுவோன் யூதரிடையே விரும்பத்தக்க அண்டைவீட்டான் அல்லன். ஏறத்தாழ கி.பி. 200-இல் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் யூத நூல், கணவன் அத்தொழில் செய்வோனாயின் மனைவி அவனை விட்டு விலக உரிமை கேட்கலாம் என்று விதிக்கின்றது. நாற்றத்தைப் பொறுக்க முடியாது என்பதே காரணம். அப்படிப்பட்டவன் வீட்டில் பல நாள் தங்கிய பேதுரு, தம் மரபின் தடைகளில் ஒன்றிரண்டைத் தாண்டிவிட்டவர் என்றே நாம் கொள்ளலாம். ஒரு தடையைத் தாண்டியவன் எல்லாத் தடைகளையும் தாண்டிவிட்டதாக எண்ணிக்கொள்வது இயல்பு. அவரும் அவ்வாறு எண்ணியிருத்தல் கூடும்.

ஒருநாள் உச்சிவேளையில் ஜெபிக்கும்பொருட்டு அவர் மேல்வீட்டுக்கு ஏறினார். பசி மிகுந்தது. கீழே சமையல் நடந்துகொண்டிருந்தது. அப்பொழுது கண்ட காட்சியை நீங்கள் அறிவீர்கள்: நான்கு முனையும் கட்டிய பெரிய துப்பட்டி போன்றதொன்று வானத்திலிருந்து இறங்குகின்றது, அதனுள் எல்லா வகை விலங்கும், ஊர்வனவும், பறவையும் உள்ளன, அடித்துப் புசி என்று ஒரு குரல் ஆணையிடுகின்றது. பேதுரு மறுக்கின்றார். மும்முறை அது நிகழ்ந்தது. ஆண்டவரைத் தெரியாதென்று மும்முறை மறுதலித்தவருக்கு, மும்முறை சொல்லப்பட்டாலன்றி ஒன்று மனத்தில் பதியாது போலும்! இதனை யான் இகழ்ச்சியாகக் கூறவில்லை. இருபது ஆண்டுகளாக வகுப்பறையில் நிற்பவன் யான். மூன்றாம் முறையில் விளங்கிக்கொள்ளும் மாணாக்கனே பெரும்பாலும் மறவாதவன்.

இங்கே தமிழ் கற்றோர் கவனிக்கவேண்டிய நயம் ஒன்றுண்டு. காட்சியில் தோன்றியவை விலங்குகளும் பறவைகளுமே. மனிதரைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. ஆனால் மறுநாள் புறப்பட்டு, ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள செசரியாவுக்குச் சென்று, கொர்நேலியு என்னும் ரோமப் படைத்தலைவனுடைய வீட்டு வாயிலைக் கடந்தபொழுது, எந்த மனிதனையும் தீட்டுள்ளவனென்று தாம் சொல்லலாகாது என்பதைத் தேவன் தமக்குக் காட்டினதாகப் பேதுரு உரைக்கின்றார். உணவைப் பற்றிய சொல்லிலிருந்து மனிதரைப் பற்றிய பொருளை வருவித்துக்கொண்டவர் அவரே. உரையாசிரியர்கள் ஒரு சூத்திரத்தில் வெளிப்படச் சொல்லாததைச் சொன்னதிலிருந்து உய்த்துணர்ந்து கொள்வார்களே, அது போன்றது இது. வேத வசனத்தை அறிந்தவன் பலவிடத்தும் உளன். அவ்வசனம் தன் வாயிலுக்கு வந்து நிற்கும் மூன்று விருந்தாளிகளைப் பற்றியது என்று உய்த்துணர்ந்து கொள்பவனே போதனை பெற்றவன். அன்று பேதுரு அவ்வாறு போதனை பெற்றார். எருசலேமுக்குத் திரும்பியபின், விருத்தசேதனமில்லாதவரோடு உண்டீரே என்று தம்மவர் வழக்காடியபொழுது அஞ்சாமல் நடந்ததை நடந்தபடியே எடுத்துரைத்து அவர்கள் வாயை அடக்கினார்.

பேதுருவின் கதை இத்துடன் முடிந்திருந்தால் பேருரைகளுக்கு மிகவும் வசதியாக இருந்திருக்கும். முடியவில்லை.

அறிஞர் பலருடைய கணிப்பில் ஏறத்தாழ பத்தாண்டு கழிகின்றது. இடம் அந்தியோகியா. எருசலேமுக்கு வடக்கே ஏறக்குறைய 500 கிலோமீட்டரில் இருந்த பெருநகரம். இன்று துருக்கி நாட்டில் அந்தாக்கியா என வழங்கி, 2023-ஆம் ஆண்டின் நிலநடுக்கத்தில் பெரிதும் இடிந்துபோன ஊர் அதுவே. சீடர்களுக்குக் கிறிஸ்தவர் என்னும் பெயர் முதன்முதல் வழங்கியதும் அங்கேதான். அச்சபையில் யூதரும் புறஜாதியாரும் ஒருங்கிருந்து உண்டனர். பேதுருவும் அவர்களோடு உண்டு வந்தார். பின்னர் யாக்கோபினிடத்திலிருந்து, அஃதாவது எருசலேம் சபையிலிருந்து, சிலர் வந்து சேர்ந்தனர். அவர்கள் வந்ததும் பேதுரு பந்தியிலிருந்து விலகினார். மற்ற யூதரும் விலகினர். பவுலின் உற்ற துணைவராகிய பர்னபாவும் இழுபட்டுப் போனார். பவுல் எல்லாருக்கும் முன்பாக, முகத்துக்கு முகமாகப் பேதுருவை எதிர்த்துக் கண்டித்தார். இதனைக் கலாத்தியர் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் பவுலே எழுதியிருக்கின்றார்.

விலகினார் என்பதற்குக் கிரேக்க மூலத்திலுள்ள வினைச்சொல், ஒரே நொடியில் எழுந்து போனதைக் குறிப்பதன்று, சிறிது சிறிதாகப் பின்வாங்கினதைக் குறிப்பது என்று அம்மொழி கற்றோர் உரைப்பர். எவ்வளவு உண்மையான சித்திரம்! நம்முள் எவன் ஒரு பந்தியிலிருந்து சினந்து எழுந்து போகின்றான்? இன்று வயிறு சரியில்லை என்போம். நாளை வேலை இருக்கின்றது என்போம். மூன்றாம் நாள் நமக்கென்று வேறோர் இடத்தில் இலை போடப்பட்டிருக்கும். மற்றொரு சொல்லும் கருதத்தக்கது. அவர்கள் செம்மையாக நடக்கவில்லை என்று பவுல் குறை கூறுமிடத்து, நேரான காலால் நடத்தல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லை ஆளுகின்றார். நம் மொழியிலும் ஒழுக்கம் என்பது ஒழுகுதல் என்பதன் அடியாகப் பிறந்ததே. இடையறாது ஒரு நெறியில் செல்வதே ஒழுக்கம். ஒருநாள் செசரியாவுக்கு நடந்துவிட்டு வந்தது ஒழுக்கமாகாது.

பேதுருவுக்கு அன்று அறிவு குறைந்ததா? இல்லை. யோப்பாவின் காட்சியை அவர் மறந்தாரா? அதனையும் நம்ப முடியாது. அந்நியர் முன்னிலையில் அவர் அஞ்சவில்லை. தம்மவர் வந்தபொழுது அஞ்சினார். இதுவே யான் சொல்ல வந்த அளவுகோல். புறத்தார் நடுவில் நம் விசுவாசம் எவ்வளவு என்பதன்று. நம் ஊரிலிருந்து, நம் உறவிலிருந்து, நாம் மதிக்கும் பெரியவர்கள் வந்து இறங்கும்பொழுது அது எவ்வளவு மிஞ்சுகின்றது என்பதே கணக்கு.

இந்நிகழ்ச்சி பிற்காலத்தாருக்கு மிகவும் இடர் செய்தது. அலெக்சாந்திரியா நகரத்துக் கிளமெந்து, கண்டிக்கப்பட்ட கேபா அப்போஸ்தலரே அல்லர், அப்பெயருடைய வேறொரு சீடர் என்று கூறினார். ஜெரோம் என்னும் பேரறிஞர், இருவரும் முன்னரே பேசி வைத்துக்கொண்டு பிறர் திருந்தும்பொருட்டு நடித்தனர் என்றார். அகஸ்தீன் அதை ஒப்பவில்லை. வேதத்தில் நடிப்புக்கு இடங்கொடுத்தால் எதைத்தான் நம்புவது என்று கடிதம் எழுதி வாதாடினார். அகஸ்தீன் கட்சியே என் கட்சி. பெரியவர் ஒருவர் தவறினார் என்று ஒப்புக்கொள்ள மனமின்றி, நூலை வளைத்துப் பொருள் கொள்ளுதல் பக்தியாகாது.

நம் நாட்டிலும் இக்கதை உண்டு. தரங்கம்பாடியில் சீகன்பால்கு ஐயர் தமிழில் அச்சிட்ட நூல்களுள், சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் 1714-இல் வெளிவந்தன. நிருபங்களும் சேர்ந்து புதிய ஏற்பாடு 1715-இல் முற்றுப்பெற்றது. யோப்பாவின் காட்சி முந்திய ஆண்டிலும் அந்தியோகியாவின் பந்தி பிந்திய ஆண்டிலும் தமிழ் அச்செழுத்தில் நம்மிடம் வந்துவிட்டன. ஆயினும் நூறாண்டுக்கு மேலாகச் சபைகளில் சாதிவாரியாகப் பிரிந்து அமர்ந்தனர். 1833-இல் தானியேல் வில்சன் அத்தியட்சர் அவ்வேற்றுமைகளை ஒழிக்கவேண்டுமென்று சுற்றறிக்கை விடுத்தார். விடுத்தவுடன் தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் பெருங்கலகம் மூண்டது. பலர் சபையைவிட்டே விலகினர்.

அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னரே, 1829-இல், புதிய பாதிரிமாரின் போக்கைக் கண்டித்து எழுதியவர் யாரெனின், தஞ்சை வேதநாயக சாஸ்திரியார். 1774-இல் பிறந்து 1864-இல் மறைந்த அப்பெரும்புலவருடைய பாடல்களைப் பாடி வளர்ந்தவன் யான். பெத்லகேம் குறவஞ்சியைக் கேட்டு உருகாத நாள் எனக்கில்லை. வழிபாட்டில் தமிழிசையை விலக்கலாகாது, திருநாளில் பூமாலையைத் தடுக்கலாகாது என்று அவர் வாதாடியதில் நியாயம் அவர் பக்கமே என்று இன்றும் கூறுவேன். ஆனால் எல்லாச் சாதியாரையும் கலந்து அமரச் செய்வதையும் அவர் அதே பட்டியலில் சேர்த்துக் கொடுமையென்று எழுதினார். அங்கே என் ஆசானோடு யான் உடன்பட இயலாது. அவருக்கு வேதம் தெரியாதா? நம் எல்லாரினும் நன்றாகத் தெரியும். பேதுருவுக்குத் தெரிந்தது போலத் தெரியும்.

இனிப் பிறரைப் பற்றிப் பேசியது போதும்.

சென்ற ஆவணியில் என் மூத்த மகளுக்கு நிச்சயதார்த்தம் நடந்தது. கணிதம் கற்பிக்கும் நண்பர் ஒருவர் பதினோராண்டாக என்னோடு ஒரே பள்ளியில் பணி செய்கின்றார். மதியத்தில் அவர் கொண்டுவருவதில் பாதி எனக்கு, யான் கொண்டுபோவதில் பாதி அவருக்கு. அவர் வேறு சாதியார். அவரையும் அழைத்திருந்தேன். காலையில் ஊரிலிருந்து என் பெரியப்பா வந்து இறங்கினார். தந்தையை இழந்த என்னைத் தம் நிலத்தில் ஒரு பகுதியை விற்றுப் பண்டிதப் பரீட்சைக்குப் படிக்கவைத்தவர் அவரே. கெட்டவர் அல்லர், யாக்கோபினிடத்திலிருந்து வந்தவர்களும் கெட்டவர்கள் என்று வேதம் கூறவில்லை. இலை போட்டாயிற்று. நண்பர் வாயிற்படியில் நின்றார். பெரியப்பா அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஒரு சொல்லும் சொல்லவில்லை. யான் விரைந்து சென்று, "சார், ஊர்க்காரர்கள் முதற்பந்தியில் உட்காரட்டும், நாம் இருவரும் பிறகு சேர்ந்தே உண்போம்" என்றேன். எவ்வளவு இனிமையான சொற்கள்! இலக்கணப் பிழை ஒன்றுமில்லை. அவர் நகைத்து, "அப்படியே ஆகட்டும் ஐயா" என்று திண்ணையில் அமர்ந்தார். இரண்டாம் பந்திக்கு இலை போட்டு அழைக்கச் சென்றபொழுது திண்ணையில் ஆளில்லை.

மறுநாள் பள்ளியில் அவர் வழக்கம்போல் தம் உணவில் பாதியை என் பக்கம் தள்ளினார். அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டவள் என் மகள். அன்றிரவே, "அப்பா, சார் எப்போது போனார்?" என்றாள். எனக்குத் தெரியாது என்றேன். அது பொய்யன்று, உண்மையுமன்று. அதே மாதத்தில் ஞாயிறு பாடசாலையில் யான் கற்பிக்கவேண்டியிருந்த பாடம் கலாத்தியர் நிருபம். இரண்டாம் அதிகாரத்தை யான் எவ்வாறு நடத்தினேன் என்பதை என் மாணாக்கர் அறிவர்: மிக விரைவாக நடத்தினேன்.

பின்னர் நண்பரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிட்டார். ஆயினும் பலர் காணச் செய்த பிழையைத் தனியே ஒருவர் செவியில் சொல்லித் தீர்த்துக்கொள்ளுதல் போதாது என்று மனம் உறுத்தியமையால், உறவினர் நிறைந்த இவ்வவையில் இதனைக் கூறத் துணிந்தேன். என் பெரியப்பாவை அறிந்தோர் இங்கே பலர் உளர். அவரைக் குறைவாக எண்ணவேண்டா. அன்று பந்தியை அமைத்தவன் யான்.

அந்தியோகியாவில் பவுல் கண்டித்தபொழுது பேதுரு என்ன விடை கூறினார் என்பது கலாத்தியர் நிருபத்தில் இல்லை. ஆனால் புதிய ஏற்பாட்டின் கடைப்பகுதியில், பேதுருவின் பெயரால் வழங்கும் இரண்டாம் நிருபம் ஒன்றுண்டு. அதனை அவரே எழுதவில்லை, அவர் வழியில் நின்ற பிற்காலத்தார் எழுதினர் என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுவர், அவ்வாறே இருக்கட்டும். அந்நிருபம் முடியுமிடத்தில் பவுலைப் பிரியமான சகோதரன் என்று குறிக்கின்றது. அவருடைய நிருபங்களில் அறிவதற்கு அரியன சில உள என்றும் மெல்லக் கூறுகின்றது. அவ்வரியவற்றுள் கலாத்தியரின் இரண்டாம் அதிகாரமும் ஒன்றோ என்று எண்ணி யான் புன்னகைத்ததுண்டு. அதனையடுத்து வருவதே, கிருபையிலும் ஆண்டவரை அறியும் அறிவிலும் வளருங்கள் என்னும் கருத்துடைய கடைசி வசனம். சங்கத்தார் எனக்குக் கொடுத்த தலைப்பு அங்கிருந்து எடுத்ததே என்று நினைக்கின்றேன்.

வருகிற தை மாதத்தில் என் மகளின் திருமணம். முதற்பந்தியில் என் வலப்பக்கத்து இலை கணித ஆசிரியருக்கு, இடப்பக்கத்து இலை பெரியப்பாவுக்கு என்று பெரியப்பாவுக்குக் கடிதம் எழுதியிருக்கின்றேன். எழுதி மூன்று வாரம் ஆகின்றது. விடை இன்னும் வரவில்லை.