பிழை நேர்ந்தால் நிரல் என்ன செய்யும்?

கணிப்பொறிக்கு நிரல் எழுதுவோர், விடை சரியாக வந்ததும் வேலை முடிந்ததென மகிழ்வது இயல்பு. ஆனால் பொருந்தாத எண் ஒன்று உள்ளே புகுந்தால் நிரல் என்ன செய்யும்? இக்கேள்வியே பெரிது என்பேன். உண்மையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன், கேளுங்கள்.

1996-ஆம் ஆண்டு ஜூன் 4-ஆம் நாள், தென் அமெரிக்காவில் பிரெஞ்சு கயானாவின் கூரூ ஏவுதளத்திலிருந்து ஐரோப்பியரின் ஏரியான் 5 ராக்கெட் முதன்முறையாக எழுந்தது. ஏறக்குறைய 40 நொடிகளில் அது சிதறி அழிந்தது. அதிலிருந்த நான்கு கிளஸ்டர் துணைக்கோள்களும் உடன் மாய்ந்தன.

ராக்கெட்டின் நிலையையும் இயக்கத்தையும் கணிக்கும் கருவியின் நிரல், பெரிய எண் ஒன்றை 16 பிட் கொண்ட சிறு இடத்தில் அடைக்க முற்பட்டது. அவ்விடத்தில் 32,767-க்கு மேல் அடங்காது. அந்நிரல் ஏரியான் 4-க்கென எழுதப்பட்டது. புதிய ராக்கெட்டின் கிடைவேகமோ மிக அதிகம். இவ்வாறு மிகக்கூடிய அளவுகள் ஏழு இருந்தன. அவற்றுள் நான்கிற்கே காப்பு அமைத்திருந்தனர். கணிப்பொறியின் சுமையைக் கருதி மற்ற மூன்றையும் விட்டுவிட்டனர்.

இதனினும் பெரிய குறை பின்னர் வெளிப்பட்டது. பிழை கண்டால் அறிவித்துவிட்டு நின்றுவிட வேண்டும் என்பதே கருவிக்கு இட்ட கட்டளை. அது அவ்வாறே நின்றது. துணைக்கருவி உதவவில்லையா? அதிலும் அதே நிரல். கணப்பொழுது முன்னரே அது நின்றுவிட்டது. பிழையறிவிப்பைப் பறப்புக் கணக்கென்றே கொண்டது தலைமைக் கணிப்பொறி. இல்லாத விலகலைத் திருத்த முயன்று, ராக்கெட்டை அழிவுக்குத் திருப்பியது.

உங்கள் சிறு நிரலுக்கும் இதில் பாடம் உண்டு. மதிப்பெண் 0 முதல் 100 வரை என்று கொள்வோம். 105 என்று எவரோ பதிந்துவிடுகிறார். சோதிக்கும் நிரற்கூறு அதற்கு 0 என்று விடை தந்தால், உண்மையிலேயே 0 வாங்கியவரை எப்படிப் பிரித்தறிவது? ஆகவே பிழையைத் தரவின் உருவில் அனுப்பாதீர்கள். தனி வழியில் அனுப்புங்கள். எந்த இடத்தில், எந்த மதிப்பு, ஏன் பொருந்தவில்லை என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். அடுத்துச் செய்வது நிற்பதா, தொடர்வதா என்பதைப் பயன்படும் இடமே முடிவு செய்யட்டும். மதிப்பெண் பட்டியல் நின்று காத்திருக்கலாம். பறக்கும் ராக்கெட் காத்திருக்க முடியாது.

நிரல் எழுதத் தொடங்குமுன் இக்கேள்வியை ஒருமுறை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.