அடைக்கலம் காத்த அறம்
(மீமிசலில் ஆற்றிய உரை)



வாளெடுத்தார் அனைவரும் மறவர் ஆகார். எதன்பொருட்டு எடுத்தனர், எதனை விட்டுக்கொடுக்க மறுத்தனர் என்பனவே மறத்தின் உரைகற்கள்.

1799-இல் கட்டபொம்மன் பிடிபட்டது இப் புதுக்கோட்டை மண்ணில்தான். தொண்டைமான் அவரைக் கும்பினியாரிடம் ஒப்படைத்தார். அக்குதோபர் 16-இல் கயத்தாற்றில் தூக்கிலிட்டனர். இதனை மறைத்தல் வேண்டா. மறைத்த வரலாறு படிப்பினை தாராது.

1801 பிப்பிரவரியில் அவர் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையினின்று தப்பினார். மே திங்களில் பாஞ்சாலங்குறிச்சி வீழ்ந்ததும் சிவகங்கை நாட்டில் அடைக்கலம் புகுந்தார். அவரை ஒப்படைக்குமாறு கும்பினியார் கேட்டனர். மருதிருவர் மறுத்தனர், மறுப்பின் விலை போர் என்பதை அறிந்தே மறுத்தனர். சூன் 16-இல் திருச்சிராப்பள்ளிக் கோட்டையில் அவர்தம் போரறிக்கை ஒட்டப்பெற்றது.

பகைவன் சான்றும் உண்டு. சேம்சு வெல்சு என்னும் ஆங்கிலப் படைஞர், தமக்கு ஈட்டியெறியவும் வளரி வீசவும் கற்பித்தவர் சின்னமருதே என்று எழுதினார். பின்னர் அவரையே தொடை முறிந்த சிறையாளராகக் கண்டார்.

1801 அக்குதோபர் 24-இல் திருப்பத்தூரில் மருதிருவர் தூக்கிலேறினர். நவம்பர் 16-இல் பாஞ்சாலங்குறிச்சியில் ஊமைத்துரையும் தூக்கிலிடப்பட்டார். சின்னமருதுவின் இளமகன் துரைச்சாமி உள்ளிட்ட 70-க்கும் மேற்பட்டோர் 1802-இல் பினாங்குக்கு நாடு கடத்தப்பெற்றனர்.

அடைக்கலம் கொடுத்தோரும் மாண்டனர்; பெற்றவரும் மாண்டார். பயன் என்னை எனலாம். பகைமேல் காட்டும் கடுமை ஆண்மை. இடருற்றார்க்கு உதவுவதே அதன் கூர்மை என்பது வள்ளுவர் கண்ட படைச்செருக்கு. ஒப்படைத்த நாடு பிழைத்தது. மறுத்த நாடு அழிந்தது. ஆயினும் மக்கள் விளக்கேற்றுவது மறுத்தவர் நடுகல்லில்தான்.

அறம் இழந்த படை வென்றாலும் கொள்ளைக் கூட்டமே. அறம் காத்த படை தோற்றாலும் விடுதலைப் படையே!