குருதித் துளி கூறும் சாட்சி



நோய் என்றால் அதற்கு வெளியடையாளம் ஒன்று இருத்தல் வேண்டும் என்பது நம்மிற் பலருடைய எண்ணம். ஆயினும், எவ்வித அடையாளமுமின்றி ஒரு பசு தன் ஆயுள் முழுவதும் ஒரு தொற்றைச் சுமந்து வாழ முடியும். இதனை நமக்கு உணர்த்துவது மாட்டு ஹேர்ப்பிசு வைரசின் முதலாம் வகையாகும்.

இவ்வைரசு மூக்கையும் மூச்சுக்குழலையும் தாக்கிக் காய்ச்சலை விளைவிக்கும், பால் குறையும், சினைப்பசு கன்றை இழத்தலும் உண்டு. மனிதரை இது தொற்றுவதில்லை. சில நாட்களிற் பசு தேறிவிடும். ஆனால் வைரசு அதனை விட்டு நீங்குவதில்லை. முகத்து நரம்புத் திரட்டினுட் புகுந்து உறங்கிக் கிடக்கும். நெடும் பயணத்தாலோ கன்றீனும் துன்பத்தாலோ பசுவின் உடல் தளரும்போது, அது விழித்தெழுந்து மூக்குநீர் வழியே அயல் மாடுகளை அடையும்.

உறங்கும் வைரசைத் தேடினால் அது எளிதில் அகப்படாது. ஆதலால் அறிஞர் அதன் சுவட்டைத் தேடினர். தொற்றை எதிர்க்க உடல் ஆக்கிக்கொள்ளும் பிறபொருளெதிரிகளே அச்சுவடு. குருதியிலோ பாலிலோ அவை உளவா என்பதை, எலைசா என்னும் சோதனை நிற வேறுபாட்டினாற் காட்டிவிடும்.

இந்தச் சாட்சியை நம்பி ஐரோப்பிய நாடுகள் பெரும் பணியில் இறங்கின. டென்மார்க்கும் சுவிற்சர்லாந்தும் சோதனையில் அகப்பட்ட மாடுகளை மந்தையினின்றும் நீக்கியே நோயை ஒழித்தன. கண்ணுக்கு நலமாய் நின்று பால் சொரியும் பசுவை ஒரு துளிக் குருதியின் சொற்கேட்டுக் கொலைக்களத்துக்கு அனுப்பிய உழவரின் உள்ளம் என்ன பாடுபட்டிருக்கும்!

ஆகவே, சாட்சி எத்துணை மெய்யானது என்று ஆராய்தல் கடமையாகின்றது. தொற்றிய முதற் சில நாட்களிற் பிறபொருளெதிரி தோன்றியிராது. அப்போது சோதித்தால் நோயுள்ள பசுவும் தப்பிவிடும். மறுபுறம், தாயின் கடும்புப்பாலைக் குடித்த கன்றின் குருதியில், தொற்று இல்லாதபோதும், தாயின் பிறபொருளெதிரிகள் பல மாதங்கள் நிலைத்திருக்கும். அக்கன்றை உடனே குற்றவாளியாக்குதல் அறமன்று. பொறுத்திருந்து மீண்டும் சோதித்தல் வேண்டும்.

தடுப்பூசி பெற்ற பசுவிலும் பிறபொருளெதிரி உண்டாகும். அதனைத் தொற்றுற்ற பசுவினின்றும் பிரித்தறிவது எங்ஙனம்? வைரசின் மேலுறையிலுள்ள ஈ என்னும் புரதத்தை நீக்கித் தடுப்பூசி செய்தனர். இயற்கைத் தொற்றுடைய பசுவில் மட்டுமே அப்புரதத்துக்குரிய பிறபொருளெதிரி காணப்படும். இத்தடுப்பூசியையும் சோதனையையும் இணைத்துப் பல்லாண்டுகள் முயன்ற ஜேர்மனி, 2017 ஆம் ஆண்டில் இந்நோயற்ற நாடென ஐரோப்பிய ஒன்றியத்தால் ஏற்கப்பட்டது.

நான் விலங்கு மருத்துவன் அல்லன். மாணவரின் தேர்ச்சி அறிக்கைகளோடு வாழ்நாளைக் கழித்த ஆசிரியன். ஒரு நாட் பரீட்சையின் புள்ளியைக் கொண்டு ஒரு பிள்ளையின் தகுதியை முடிவுகட்டிப் பின்னர் வருந்தியதும் உண்டு. அளவுகோல் பொய் சொல்வதில்லை; எதனை அளந்தது, எப்போது அளந்தது என்று கேளாத நாமே பிழை செய்கின்றோம். கன்றுக்குக் காட்டும் அப்பொறுமையைப் பிள்ளைகளுக்கும் காட்டுவோமாக.