ரேடியோ நெல்லும் ரேடியோ மனையும்

(பொம்மசந்திராவில் நடைபெற்ற குடும்பக் கூட்டத்தில் நம் அமைப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இரவு ஷிப்டு முடித்துத் தூங்காமல் வந்திருக்கும் தோழர்களுக்கும், சமையலைப் பாதியில் நிறுத்திப் பிள்ளைகளோடு வந்திருக்கும் தாய்மார்களுக்கும் வணக்கம். உங்களை அதிக நேரம் பிடித்து வைக்க மாட்டோம். ஆனால் இன்று பேச வந்திருப்பது 54 லட்சம் ரூபாயைப் பற்றி. இது எந்த முதலாளியின் பணமும் அல்ல. இங்கே உட்கார்ந்திருக்கும் 18 குடும்பங்களின் பணம்.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஞாயிறு காலையில் ரேடியோவில் ஒரு மணி நேரம் பேசுகிறார்கள். சேமிப்பு, சீட்டு, பங்குச் சந்தை, மனை, வீட்டுக் கடன் என்று ஒருவர் கேள்வி கேட்க, 'நிபுணர்' ஒருவர் தமிழில் பதில் சொல்கிறார். நடுநடுவே நாட்டு நடப்பும் வருகிறது. நிகழ்ச்சியின் கடைசியில் ஒரு லே-அவுட்டின் பெயரும் போன் நம்பரும் வருகின்றன. 30க்கு 40 சைட், விலை 20 லட்சம், முன்பணம் 3 லட்சம், வருகிற ஞாயிறுக்குள் கட்டினால் சலுகை. 18 பேர் பெயர் கொடுத்துவிட்டார்கள். தாலிக்கொடி அடகுக்குப் போக இருக்கிறது. மூன்று தோழர்கள் பி.எஃப். பணத்துக்கு மனுப் போட்டிருக்கிறார்கள். ஊரில் உள்ள அரை ஏக்கரை விற்கப் பேசிக்கொண்டிருக்கிறார் ஒருவர்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறோம். இந்த நிகழ்ச்சியைச் சங்க அறையில் சத்தமாக வைத்து, "எல்லோரும் கேளுங்கள், நல்ல விஷயம் சொல்கிறார்கள்" என்று சொன்னவர்கள் நாங்கள்தான். எனவே இன்று பதில் சொல்லும் கடமையும் எங்களுக்கே உண்டு.

ரேடியோவில் சொன்னால் நாம் ஏன் நம்புகிறோம்? அதற்குக் காரணம் உண்டு. நம் அப்பாக்கள் தபாலாபீசில் லைசென்ஸ் கட்டணம் கட்டி ரேடியோ வைத்திருந்த காலம் ஒன்று இருந்தது. 1960-களின் பிற்பகுதியில் தஞ்சை மாவட்டத்தில் ஆடுதுறை 27 என்ற குறுகிய கால நெல் பரவியது. திருச்சி வானொலி அதைப் பற்றி விவசாயிகளுக்கு விளக்கமாகச் சொன்னது. கேட்ட விவசாயிகள் விதைத்தார்கள், அறுத்தார்கள். அந்த நெல்லுக்கு அவர்கள் வைத்த பெயரே 'ரேடியோ நெல்'! விதைக் கடையில் போய் "ரேடியோ நெல் கொடு" என்று கேட்டார்களாம். அன்று பேசிய வானொலி அரசாங்கத்தினுடையது. அதில் குறை இல்லாமல் இல்லை. ஆள்வோரின் குரலாகவே அது ஒலித்த காலமும் உண்டு. ஆனால் அந்த நெல்லை விற்று வானொலிக்கு ஒரு பைசா வருமானம் இல்லை. சொன்னவருக்கு விற்பனையில் பங்கு இல்லை என்பதால்தான் அந்தச் சொல்லுக்கு மதிப்பு இருந்தது.

இன்று நிலைமை என்ன? நாட்டின் முதல் தனியார் எஃப்.எம். நிலையம் 2001 ஜூலையில் தொடங்கியது இதே பெங்களூரில்தான். தனியார் நிலையம் விளம்பரத்தில் வாழ்கிறது. அதில் தவறு இல்லை. அவர்களும் சம்பளம் கொடுக்க வேண்டும். ஆனால் நம் ஞாயிறு நிகழ்ச்சி அந்த நிலையத்தாரின் நிகழ்ச்சியே அல்ல. அந்த ஒரு மணி நேரத்தை மனை விற்பவர் பணம் கொடுத்து வாங்கியிருக்கிறார். தொடக்கத்தில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை அதைச் சொல்கிறார்கள். ரயில் புறப்படும்போது செய்யும் அறிவிப்பைப் போல வேகமாகச் சொல்லிவிடுகிறார்கள். நாங்களே மூன்றாம் வாரம்தான் அதைக் காதில் வாங்கினோம். ஆக, கேள்வி கேட்பவருக்குச் சம்பளம் கொடுப்பவரும், பதில் சொல்பவருக்குச் சம்பளம் கொடுப்பவரும் ஒருவரே. அப்பாக்களின் காலத்து நம்பிக்கையை மூலதனமாக வைத்து இவர்கள் ரேடியோ மனை விற்கிறார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2011-ஆம் ஆண்டுக் கொள்கைப்படி தனியார் எஃப்.எம். நிலையங்கள் சொந்தமாகச் செய்தி சொல்லக் கூடாது. ஆகாசவாணியின் செய்தி அறிக்கையை மாற்றாமல் ஒலிபரப்பலாம், அவ்வளவுதான். இதன் பொருள் என்ன? ஒரு லே-அவுட்டைப் புகழ்ந்து ஒரு மணி நேரம் பேசலாம். அதே லே-அவுட்டில் பணம் போட்டவர்கள் தெருவில் நிற்கும் செய்தியை அந்த நிலையம் தானாகத் திரட்டிச் சொல்ல முடியாது. விற்பவன் குரல் நம் காதுக்கு வருகிறது. ஏமாந்தவன் குரல் வருவதில்லை.

ஏமாந்தவர்கள் கொஞ்சமா? 1990-களில் தமிழ்நாட்டில் பைனான்ஸ் கம்பெனிகளும் தேக்குமரத் திட்டங்களும் கவிழ்ந்தன. அதன் பிறகே 1997-இல் முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2012-இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழிப் பண்ணைகள். 2019 ஜூனில் இதே பெங்களூரில் சிவாஜிநகரை மையமாகக் கொண்ட ஐ.எம்.ஏ. நிறுவனம் மூடப்பட்டபோது, ஆயிரக்கணக்கான எளிய குடும்பங்கள் கதவுக்கு வெளியே நின்றன. அந்த ஆண்டே வந்த மத்தியச் சட்டப்படி, ஒழுங்குமுறைக்கு உட்படாத வைப்புத் திட்டத்துக்கு விளம்பரம் செய்வதுகூடக் குற்றம். ஆனால் சட்டம் ஒவ்வொரு முறையும் பணம் போன பிறகுதான் வந்து சேருகிறது.

நம் சங்கத் தோழர் ஒருவரின் அனுபவமும் உங்களுக்குத் தெரியும். சில ஆண்டுகளுக்கு முன் 'ரெவின்யூ சைட்' ஒன்று வாங்கினார். விவசாய நிலம்; டி.சி. கன்வர்ஷன் ஆகவில்லை, லே-அவுட்டுக்கு அங்கீகாரம் இல்லை. பத்திரம் கையில் இருக்கிறது. வீடு கட்டக் கடன் கேட்டுப் போன வங்கி அந்தப் பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. இன்றும் அவர் வாடகை வீட்டில்தான் இருக்கிறார்.

2025 ஆகஸ்டில் மெட்ரோ மஞ்சள் பாதை பொம்மசந்திரா வரை வந்துவிட்டது. இப்போது ஒவ்வொரு புரோக்கரும் அதைக் காட்டித்தான் பேசுகிறார். ரயில் வருவதை ரயில்வேக்காரர்களான நாங்கள் வேண்டாம் என்போமா? ஆனால் மெட்ரோ வந்ததால் மோசமான பத்திரம் நல்ல பத்திரமாகிவிடாது.

சரி, என்ன செய்யலாம்? 2016-இல் ரெரா என்ற ரியல் எஸ்டேட் சட்டம் வந்தது. கர்நாடகத்தில் 2017 முதல் அதற்கான ஆணையம் இருக்கிறது. அதில் நமக்கு வேண்டியது மூன்று விஷயம்தான். ஒன்று: 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தை மனைகளாகப் பிரித்து விற்பவர், பதிவு செய்யாமல் விளம்பரமே செய்யக் கூடாது, விளம்பரத்தில் பதிவு எண் இருக்க வேண்டும். இரண்டு: விற்பனை ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யாமல் விலையில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. மூன்று: பொய் விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டி நஷ்டப்பட்டவர் இழப்பீடு கேட்கலாம்.

இப்போது கணக்குப் போடுங்கள். 20 லட்சத்தில் பத்தில் ஒரு பங்கு 2 லட்சம். அவர்கள் கேட்பது 3 லட்சம், ஒப்பந்தம் இல்லாமல். நான்கு வாரம் பேசினார்கள். பதிவு எண்ணை ஒருமுறைகூடச் சொல்லவில்லை. போன வாரம் நாங்கள் போன் செய்து கேட்டோம். "நேரில் வாருங்கள், காட்டுகிறோம்" என்றார்கள். எண்ணைச் சொல்ல நேரில் எதற்குப் போக வேண்டும்? எண் இருந்தாலும் அதோடு முடிந்துவிடாது. வில்லங்கச் சான்று, கன்வர்ஷன் உத்தரவு, லே-அவுட் அங்கீகாரம் மூன்றையும் பார்க்க வேண்டும்.

"எல்லாம் கன்னடத்தில் இருக்கிறதே" என்று ஒரு தாய் கேட்டார். நல்ல கேள்வி. அம்மா, உங்கள் மகள் பள்ளியில் கன்னடம்தானே படிக்கிறாள்? அவளை உட்கார வைத்து வாசிக்கச் சொல்லுங்கள். பக்கத்து மெஷினில் நிற்கும் கன்னடத் தோழரைக் கூப்பிடுங்கள். அவரும் வாடகை கொடுப்பவர்தான். ஏமாறுவதில் மொழி வித்தியாசம் கிடையாது.

ரேடியோவே கேட்க வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஒரு வங்கி கவிழ்ந்தால் ஒருவருடைய வைப்புத் தொகையில் 5 லட்சம் வரை காப்பீடு உண்டு என்று சொன்னார்கள். 2020 முதல் அது உண்மை. நல்லது, எடுத்துக்கொள்வோம். ஆனால் கேட்கும் முறையை மாற்றுவோம். 1956-இல் புனே வானொலியும் யுனெஸ்கோவும் சேர்ந்து மகாராஷ்டிரத்தில் சுமார் 150 கிராமங்களில் ஒரு சோதனை செய்தன. விவசாயிகள் குழுவாக உட்கார்ந்து கேட்பார்கள், முடிந்ததும் விவாதிப்பார்கள், சந்தேகங்களை நிலையத்துக்கு எழுதுவார்கள், நிலையம் பதில் சொல்லும். தனியாகக் கேட்கிறவனுக்கு ஆசைதான் வளரும். கூடிக் கேட்டால் கேள்வி பிறக்கும்.

ஆகவே மூன்று தீர்மானங்களை உங்கள் முன் வைக்கிறோம். வருகிற ஞாயிறு யாரும் பணம் கட்டுவதில்லை. இரண்டு தாய்மார்கள் உட்பட ஐந்து பேர் குழு, எண்ணையும் பத்திரங்களையும் பார்த்து, ஒரு வக்கீலிடமும் காட்டிவிட்டு, அடுத்த கூட்டத்தில் சொல்ல வேண்டும். ஞாயிறு நிகழ்ச்சியை இனிச் சங்க அறையில் கையில் நோட்டோடு கேட்க வேண்டும். கேள்விகளை எழுதி நிலையத்துக்கு அனுப்ப வேண்டும்.

"சலுகை போய்விடுமே" என்பீர்கள். போகட்டும். எங்கள் டிக்கெட் கவுண்டரில், இடத்தை விட்டு நகரும் முன் மீதிச் சில்லறையைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதி வைத்திருப்போம். 10 ரூபாய் மீதிக்கே அந்த எச்சரிக்கை. 3 லட்சத்துக்கு ஒரு மாதம் பொறுப்பதில் தவறு இல்லை, தோழர்களே. சம்மதிப்பவர்கள் கை உயர்த்துங்கள்.